பெருந்தொற்றுக் காலத்தில் மற்ற நோயாளிகள் விடுபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி: ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பெருந்தொற்று பரவும் நாட்களில் அரசு, ஊடகம், மக்கள் என எல்லோருடைய கவனமும் அந்த ஒரே நோயின் அன்றாட எண்ணிக்கையில் நிலைத்துவிடுகிறது. ஆனால் அதே நாட்களில்தான் பெண்களுக்குப் பிரசவ வலி எடுக்கிறது, வயலில் பாம்பு கடிக்கிறது, காசநோயாளியின் கையிருப்பு மாத்திரை தீர்கிறது, சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அடுத்த டயாலிசிஸ் நாள் வந்துவிடுகிறது. இவர்களைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கசப்பான சான்றுகள் உண்டு. 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் எபோலா 11,000-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அந்தக் காலத்தில் மலேரியா, எச்.ஐ.வி., காசநோய் ஆகியவற்றுக்கான சிகிச்சை தடைப்பட்டதால் கூடுதலாக நேர்ந்த இறப்புகளும் ஏறத்தாழ அதே அளவுக்கு இருக்கும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2018-இல் தொடங்கிய எபோலா 2,200-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2019-இல் அங்கே பரவிய தட்டம்மையோ 6,000-க்கும் அதிகமானோரை, பெரும்பாலும் சிறு குழந்தைகளை, கொண்டுபோனது.

நம் நாட்டிலும் இதே கதைதான். 2019-இல் இந்தியாவில் ஏறத்தாழ 24 லட்சம் காசநோயாளிகள் பதிவாயினர். கொரோனா பரவிய 2020-இல் அந்த எண்ணிக்கை 18 லட்சமாகச் சரிந்தது. காசநோய் திடீரென ஓய்ந்துவிடவில்லை. சளிப் பரிசோதனைக்கு வர வேண்டியவர்கள் வராமல் இருமிக்கொண்டே வீட்டில் இருந்தார்கள். முத்தடுப்பு ஊசியின் முதல் தவணைகூடப் போடப்படாத இந்தியக் குழந்தைகளின் எண்ணிக்கை 2019-இல் 14 லட்சமாக இருந்து 2020-இல் 30 லட்சமாக உயர்ந்ததாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறியது.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டின் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் அதன் கீழுள்ள துணை சுகாதார நிலையங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சமவெளியில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் பொறுப்பில் சுமார் 30,000 பேர் இருப்பார்கள். நிலையத்தின் கதவு திறந்திருப்பதாலேயே சேவை தொடர்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. இன்று வர வேண்டியவர் யார், அவர் ஏன் வரவில்லை என்பதைப் பெயர்வாரியாக அறிந்து, அவரைத் தேடிப் போகும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே சேவை உண்மையில் தொடர்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஓர் ஏற்பாட்டைச் சாத்தியமாக்குவதற்கானவை.

முதல் படி: எதைத் தள்ளிவைக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைத்தல்

தொற்று உச்சத்தில் இருக்கும்போது அமர்ந்து முன்னுரிமை பேச நேரம் இருக்காது. எனவே வட்டார மருத்துவ அலுவலர், மருந்தாளுநர், செவிலியர்கள், சுகாதார ஆய்வாளர் ஆகியோர் முதல் வாரத்திலேயே கூடி, ஒவ்வொரு சேவையைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது எத்தனை நாள் தாமதமானால் திரும்பப் பெற முடியாத தீங்கு நேரும்?

பிரசவம், இரத்தப்போக்கு, வலிப்பு, நெஞ்சு வலி, பக்கவாதம், விபத்து, விஷம், பாம்புக்கடி, பச்சிளங்குழந்தையின் நோய் ஆகியவற்றுக்கு விடை மணிக்கணக்கில் வரும். நாய்க்கடியையும் இதே வரிசையில் வைக்க வேண்டும்; தோலுக்குள் போடும் தடுப்பூசியை முதல் நாளும், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களும் போட வேண்டியிருப்பதால், ஊரடங்கு நடுவில் வந்தாலும் அந்தத் தேதிகள் நமக்காகக் காத்திருக்காது. டயாலிசிஸ், புற்றுநோய் மருந்து, தலசீமியா (பரம்பரை இரத்தக் குறைபாடு) உள்ள குழந்தைகளுக்கு இரத்தம் ஏற்றுதல், காசநோய், எச்.ஐ.வி., சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வலிப்பு நோய், மனநோய் ஆகியவற்றுக்கான மருந்துகள், கர்ப்பகாலப் பரிசோதனை, தடுப்பூசி ஆகியவை நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ வருபவை. கண்புரை முகாம், பள்ளி மாணவர் பரிசோதனை, அவசரமற்ற அறுவை சிகிச்சை ஆகியவற்றைத் தள்ளிவைக்கலாம். ஆனால் தள்ளிவைக்கப்பட்டவரின் பெயரும் தேதியும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

குடும்ப நலச் சேவையைப் பெரும்பாலானோர் இந்தக் கடைசிப் பிரிவில் சேர்த்துவிடுகிறார்கள். நான் இதை வன்மையாக மறுக்கிறேன். கருத்தடை மாத்திரையும் ஊசியும் கிடைக்காத மூன்று மாதங்கள், பல பெண்களுக்கு விரும்பாத கருவாக முடியும். கருக்கலைப்போ சட்டம் வகுத்த வாரக் கணக்குக்குள் நடக்க வேண்டியது. ஊரடங்கு தளரட்டும் என்று திருப்பி அனுப்பினால் அந்தப் பெண்ணைப் பாதுகாப்பற்ற கைகளுக்குள் தள்ளுகிறோம். 2020 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட அத்தியாவசியச் சேவை வழிகாட்டுதலும் இவற்றைத் தொடர வேண்டிய பணிகளாகவே கருதியது.

இரண்டாம் படி: பெயர்ப் பட்டியல்

அதிக உழைப்பை இங்கேதான் செலவிட வேண்டும். தகவல் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. கர்ப்பிணிகள் பிக்மி இணையதளத்திலும் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலும், காசநோயாளிகள் நிக்சய் தளத்திலும், சர்க்கரை நோயாளிகளும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் தொற்றா நோய்ப் பதிவேட்டிலும் இருக்கிறார்கள். இவற்றைத் துணை சுகாதார நிலைய வாரியாக ஒன்றுசேர்த்து, ஒருவருக்கு ஒரு வரி என எழுத வேண்டும். அந்த வரியில் நோயின் பெயரைவிட அடுத்த தேதிதான் முக்கியம்.

ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: "பெண், 63. மேலத் தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு. சர்க்கரை, பிரஷர். மாத்திரை 9 நாளுக்கு இருக்கிறது; இன்சுலின் ஒரு குப்பிதான் மிச்சம். சொந்தக் கைபேசி இல்லை, பக்கத்து வீட்டு எண்ணில் பேசலாம். கால் புண்ணால் நடக்க முடியாது." இதைப் படிக்கும் எந்தப் பணியாளருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று விளங்கிவிடும். "என்.சி.டி., எஃப், 63" (தொற்றா நோய், பெண், வயது 63) என்ற பதிவேட்டு வரியால் அந்தப் பயன் இல்லை.

பட்டியலை அகர வரிசையில் வைக்காமல் தேதி வரிசையில் வையுங்கள். அடுத்த ஏழு நாட்களுக்குள் மருந்து தீரப்போகிறவர்களும், தேதி கடந்தும் வராதவர்களும் மேலே இருக்கட்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த மேல் பகுதியை எடுத்து யார் யாரிடம் பேசுவது, யார் வீட்டுக்குப் போவது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். எச்.ஐ.வி., மனநோய் ஆகியவற்றுக்கான பெயர்களைப் பொதுப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அவற்றை ஆற்றுநரும் (ஆலோசகர்) மருத்துவ அலுவலரும் மட்டும் தனியே வைத்திருக்க வேண்டும்.

இரண்டு வகையினர் எந்தப் பட்டியலிலும் விழாமல் நழுவிவிடுவார்கள். முதல் வகை, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள். அவர்கள் பெயர் கணவன் ஊர் செவிலியரிடம் இருக்கும், ஆளோ வேறு மாவட்டத்தில் இருப்பார். ஊரடங்கு வந்தால் இரண்டு ஊர்களும் அவரை மற்ற ஊரின் பொறுப்பு என்று எண்ணிக்கொள்ளும். எனவே ஏழாம் மாதம் தாண்டிய ஒவ்வொரு கர்ப்பிணியும் எங்கே இருக்கிறார், எங்கே பிரசவம் பார்க்கப்போகிறார் என்பதை அவருடைய ஆர்.சி.எச். எண்ணோடு (கர்ப்பத்தைப் பதிவுசெய்யும்போது தரப்படும் அடையாள எண்) இரு செவிலியர்களும் தொலைபேசியில் பேசி உறுதிசெய்ய வேண்டும். இரண்டாம் வகை, வேலைக்காக இடம்பெயர்ந்தவர்கள்: செங்கல் சூளையிலும் பின்னலாடை ஆலைகளிலும் இருக்கும் வடமாநிலக் குடும்பங்கள், சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள். ஊராட்சிச் செயலரிடமும் ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் விசாரித்தால் இவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாம் படி: வாசலிலேயே பிரித்தல்

காய்ச்சல், இருமல் உள்ளவரும் கர்ப்பிணியும் ஒரே பெஞ்சில் காத்திருந்தால், அடுத்த செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு யாரும் வர மாட்டார்கள். வாசலில், கூரைக்கு வெளியே, நிழலில் ஒரு மேசை போடுங்கள். அங்கே ஒரு பணியாளர், வெப்பமானி, பல்ஸ் ஆக்சிமீட்டர், முகக்கவசங்கள், கை கழுவ நீரும் சோப்பும் இருந்தால் போதும். காய்ச்சல் உள்ளவர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமும் போக வேண்டும். வழிகள் தனித்தனியாக இருந்தும் கழிப்பறை ஒன்றாகவே இருப்பது பல நிலையங்களில் கவனிக்கப்படாமல் போகிறது. அதையும் பிரிக்க வேண்டும். காத்திருக்கும் இடத்தைச் சன்னல் திறந்த அறைக்கோ தாழ்வாரத்துக்கோ மாற்ற வேண்டும்.

பிரிப்பது தடுப்பதாக மாறிவிடக் கூடாது. வலியோடு வந்த கர்ப்பிணியிடமோ மூச்சுத் திணறலோடு வந்தவரிடமோ பரிசோதனை முடிவைக் கொண்டு வாருங்கள் என்று சொல்வது உயிருக்கு ஆபத்து. முடிவு தெரியாத எல்லோரையும் தொற்று இருக்கலாம் என்ற முன்னெச்சரிக்கையோடு கவனித்து, சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். அதற்கென்று ஒரு பிரசவ மேசையும் ஒரு பாதுகாப்பு உடைத் தொகுப்பும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

நான்காம் படி: யாரைப் பிற பணிக்கு எடுக்கக் கூடாது

தொற்று வந்தவுடன் மேலிடத்திலிருந்து ஆட்களைக் கேட்பார்கள். சோதனைச் சாவடிக்கு ஒருவர், காய்ச்சல் முகாமுக்கு ஒருவர், தொண்டைச் சளி மாதிரி எடுக்க ஆய்வக நுட்புநர் என்று ஒவ்வொருவராகப் போனபின், நிலையத்தில் பிரசவம் பார்க்க ஆள் இருக்காது. 2020-இல் காசநோயைக் கண்டறியும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகளும் அவற்றை இயக்குபவர்களும் கொரோனா பரிசோதனைக்குத் திருப்பப்பட்டதும் காசநோய்ப் பதிவு சரிந்ததற்கு ஒரு காரணம். அந்தத் திருப்பல் அவசரத்தில் நடந்தது. அடுத்த முறை, வாரத்தில் குறிப்பிட்ட நாட்களாவது அந்தக் கருவி காசநோய்க்கே என்று எழுத்தில் உறுதி பெற்றுக்கொள்ள வேண்டும்.

இருபத்து நான்கு மணி நேரப் பிரசவச் செவிலியர்கள், மருந்தாளுநர், துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் ஆகியோர் குறைந்தபட்ச அணி. இவர்களின் பெயர்களைச் சுகாதாரத் துறைத் துணை இயக்குநரிடம் முன்பே கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். மீதமுள்ளோரை ஒருவரோடொருவர் கலக்காத இரு குழுக்களாகப் பிரித்தால், ஒருவருக்குத் தொற்று வந்தாலும் நிலையம் முழுதும் மூட நேராது. கர்ப்பமாக உள்ள பணியாளர்கள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குத் தொலைபேசியில் பின்தொடரும் வேலையைக் கொடுக்கலாம். அது சலுகை வேலையில்லை, இரண்டாம் படியின் முதுகெலும்பே அதுதான். போக்குவரத்து, உணவு, காலத்தில் சம்பளம், முறையான ஓய்வு நாள் ஆகியவை கிடைக்காத பணியாளர் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடுவார். ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஐந்தாம் படி: மருந்து

நோயாளி அடிக்கடி வராமலிருக்க ஒரே முறையில் இரண்டு, மூன்று மாத மருந்து கொடுப்பது நல்ல வழி. ஆனால் அதை அறிவிக்கும் முன் கணக்குப் போட வேண்டும். உங்கள் நிலையத்தில் 600 பேர் நாளுக்கு இரண்டு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 36,000 மாத்திரை போதும். மூன்று மாதத்துக்குக் கொடுத்தால் முதல் மாதத்திலேயே 1,08,000 தேவைப்படும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்து பாஸ்புக்கில் (நிலையத்தின் மருந்து ஒதுக்கீட்டு ஏடு) குறித்த அளவுக்கே மருந்து வரும் என்பதால், அந்தக் கூடுதல் ஒதுக்கீட்டை முதலில் கேட்டுப் பெறாமல் கொடுக்கத் தொடங்கினால், முதல் இருநூறு பேருக்கு மூன்று மாத மருந்தும் மற்றவர்களுக்கு வெறுங்கையும்தான் மிஞ்சும். கையிருப்பு குறைவென்றால் எல்லோருக்கும் ஒரு மாதம் என்பதே நியாயம்.

எல்லோருக்கும் ஒரே அளவு கொடுக்கவும் கூடாது. சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் இருப்பவருக்கு மூன்று மாதம் கொடுக்கலாம். கட்டுக்குள் இல்லாதவரை மாதம் ஒருமுறை யாராவது நேரில் பார்த்தே ஆக வேண்டும். தற்கொலை எண்ணம் இருந்தவரிடம் நிறைய மாத்திரையை மொத்தமாகக் கொடுக்காமல், வீட்டில் பொறுப்பானவரிடம் வாராவாரம் கொடுக்க வேண்டும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம் என்பதால், அந்த மாத்திரைகளுக்கென்று ஒரு மாதத் தனி இருப்பு எப்போதும் அலமாரியில் இருக்கட்டும். இன்சுலின் கொடுக்கும்போது வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் எப்படி வைப்பது என்று காட்டிக் கொடுங்கள்.

வீடு தேடி மருந்து கொண்டுபோவது பெருந்தொற்று நமக்கு விட்டுச் சென்ற நல்ல வழக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே போகின்றன. இனி வரும் எந்தத் தொற்றிலும் இந்தத் தன்னார்வலரே பெயர்ப் பட்டியலின் கண்ணும் காதும் ஆவார். அவரை வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க அனுப்பி மருந்துப் பையை முடக்கிவிடாதீர்கள்.

ஆறாம் படி: புதன்கிழமைத் தடுப்பூசி

குறுகலான துணை சுகாதார நிலையத்தில் நாற்பது தாய்மார் ஒரே நேரத்தில் கூடுவதற்குப் பதில், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தையோ சமுதாயக் கூடத்தையோ கேட்டு வாங்கி, மணிக்கு எட்டு அல்லது பத்துக் குழந்தைகள் என நேரம் குறித்துச் சொல்லி அனுப்புங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் இருக்கச் சொல்வதால், அதற்கும் இடம் வேண்டும். தட்டம்மை–ரூபெல்லா மருந்தைக் கலந்தபின் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும் என்பதால், 9 மாதக் குழந்தைகளையும் 16 முதல் 24 மாதக் குழந்தைகளையும் அடுத்தடுத்த மணிகளில் வரச் சொன்னால் வீணாவது குறையும். அதற்காக ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. வீணாகும் மருந்தைவிடத் தட்டம்மை வந்த குழந்தைக்கான விலை அதிகம்.

பிறந்தவுடன் போட வேண்டிய பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றை வீட்டுக்கு அனுப்பும் முன்பே முடித்துவிட வேண்டும். தொற்றுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் முகாம் நடத்த முடியாத நாட்களில் விடுபட்ட குழந்தைகளைத் தனிப் பட்டியலாக்கி, தடை நீங்கியதும் முதல் முகாமை அங்கேயே வையுங்கள். தேதி தவறிவிட்டது, இனிப் பயனில்லை என்று எண்ணும் தாய்மாரிடம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து போட வேண்டியதில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: தொலைபேசியும் வண்டியும் மேல் சிகிச்சையும்

2020 மார்ச்சில் தொலைமருத்துவ நெறிமுறைகள் வந்தபின் அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைத் தளமான இ-சஞ்சீவனி வழியாகவும் 104 உதவி எண் வழியாகவும் ஆலோசனை பெறுவது எளிதானது. மாத்திரையைத் தொடர்வது, பரிசோதனை முடிவைப் பார்ப்பது, மனநல ஆலோசனை ஆகியவற்றுக்கு அது நன்கு பயன்படும். ஆனால் கர்ப்பிணியின் இரத்த அழுத்தத்தைத் தொலைபேசியில் அளக்க முடியாது. தலைவலி, கண் மங்கல், கை கால் வீக்கம், குழந்தையின் அசைவு குறைதல் என்று அவர் சொன்னால் பேச்சை நிறுத்தி 108-ஐ அனுப்ப வேண்டும்.

பெரிய மருத்துவமனைகள் தொற்றுச் சிகிச்சைக்கு மாற்றப்படும்போது மேல் சிகிச்சையின் வழி மாறிவிடுகிறது. சென்னையில் ஓமந்தூரார் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை கொரோனாவுக்கென மாறியபோது, அங்கே போய்வந்த இதய, சிறுநீரக நோயாளிகள் வேறிடம் தேட வேண்டியிருந்தது. எனவே அவசரப் பிரசவ அறுவை, பக்கவாதம், டயாலிசிஸ், புற்றுநோய் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இந்த வாரம் எந்த மருத்துவமனை நோயாளியை ஏற்கிறது என்ற ஒரு தாள், தொலைபேசி எண்களுடன், பிரசவ அறைச் சுவரில் இருக்க வேண்டும். அதை வாராவாரம் கேட்டுத் திருத்த வேண்டும். அனுப்பும் முன் பேசி, ஏற்றுக்கொள்பவரின் பெயரைப் பரிந்துரைச் சீட்டில் எழுதினால், ஆம்புலன்ஸ் மூன்று வாசல்களில் அலைய நேராது.

எட்டாம் படி: அச்சத்தைக் குறைத்தல்

2020-இல் தொற்று வந்த வீடுகளைத் தகரம் அடித்து மறைத்த காட்சியைப் பார்த்தவர்கள், மருத்துவமனைக்குப் போனால் நம் வீட்டுக்கும் தகரம் வரும் என்று அஞ்சி நெஞ்சு வலியைக்கூட மறைத்தார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் பொதுவாக 'பயப்பட வேண்டாம்' என்று சொல்வதால் அந்த அச்சம் போகாது. எந்த நாளில் எந்த வாசலில் எந்தச் சேவை கிடைக்கும், எந்த அறிகுறிக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். மகளிர் சுய உதவிக் குழுத் தலைவியும் ஊராட்சித் தலைவரும் நிலையத்துக்குள் ஒருமுறை வந்து தனித்தனி வழிகளைப் பார்த்துவிட்டுப் போனால், அவர்கள் வாய்ச்சொல் நம் அறிவிப்பைவிட வேகமாகப் பரவும்.

ஒன்பதாம் படி: வாராந்தர எண்கள்

ஐந்து எண்கள் போதும்: நிலையத்தில் நடந்த பிரசவங்கள், ஐந்து நோய்த் தடுப்பூசியின் மூன்றாம் தவணை, புதிதாகப் பதிவான காசநோயாளிகள், மாத்திரை வாங்க வேண்டியவர்களில் வாங்கியவர்கள், வீட்டில் நிகழ்ந்த இறப்புகள். ஒவ்வொன்றையும் சென்ற ஆண்டின் இதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். புறநோயாளிக் கூட்டம் குறைந்தால் வேலை குறைந்தது என்று நிம்மதி அடையாமல், யார் வரவில்லை என்று பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் நிகழ்ந்த ஒவ்வோர் இறப்பையும் செவிலியர் நேரில் விசாரித்து, அது எந்த நோயால், எந்தச் சேவை தாமதமானதால் நேர்ந்தது என்று எழுத வேண்டும். யாரையும் தண்டிப்பதற்காக இந்த விசாரணை நடக்கக் கூடாது. அப்படியொரு அச்சம் வந்துவிட்டால் உண்மை எழுதப்படாது.

பத்தாம் படி: அலை தணிந்தபின்

தொற்று குறைந்த மறுநாளே எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் திறந்தால், களைத்த பணியாளர்கள் மேல் நிலுவை வேலை முழுதும் விழும். முதலில் விடுபட்ட தடுப்பூசிகள், அடுத்து இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்களைத் தேடிச் சளிப் பரிசோதனை, பிறகு மருந்தை நடுவில் நிறுத்திய சர்க்கரை, அழுத்த நோயாளிகளுக்குக் கண், கால், சிறுநீரகப் பரிசோதனை, அதன்பின் தள்ளிவைத்த அறுவை சிகிச்சைகள் என்ற வரிசை பெரும்பாலான நிலையங்களுக்குப் பொருந்தும். மூன்று நான்கு வாரங்களுக்குப் பணியாளர்களுக்குச் சுழற்சி முறையில் விடுப்பு கொடுத்தபடியே இதைத் தொடங்குங்கள். வாசல் மேசையை முழுதும் அகற்றாமல் காய்ச்சல் உள்ளவர்களுக்கான தனி வழியை நிலையாக்கிக்கொண்டால், அடுத்த டெங்கு, இன்ஃப்ளூயன்சா பருவத்துக்கும் அது உதவும். தேதி வரிசைப் பெயர்ப் பட்டியலைத் திங்கட்கிழமைதோறும் பார்க்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டாம். புதிய மருத்துவ அலுவலர் பொறுப்பேற்கும்போது சாவிக்கொத்தோடு அந்தப் பட்டியலையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.